அனுமதித்தது யார்

அக்டோபர் 20, திங்கள்

ராத்திரி முழுவதும் மழை. கோயிலில் பாடகர் குழு உட்காரும் பக்கம் ஓடு விலகி ஆர்மோனியத்தின் மேல் ஒழுகியிருக்கிறது. உபதேசியாரை ஏணியைப் பிடிக்கச் சொல்லி நானே ஏறிச் சரி செய்தேன். கோழிக்கூட்டுக்குக் கொக்கி போட வேண்டும் என்று எமிலி சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

மத்தியானம் பெண்கள் விடுதியிலிருந்து ஆள் வந்தது. பிள்ளைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்குமாக இருக்கிறது, ஐயா வந்து ஜெபிக்க வேண்டும் என்று வார்டன் வயலட் டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். ஜூனில் இந்த இரட்சணியபுரத்துக்குக் குருவாக மாற்றலாகி வந்தேன். அன்று முதல் விடுதிக்குள் அதிகம் போனதில்லை. பள்ளியும் விடுதியும் தாளாளர் சற்குணம் அண்ணாச்சியின் பொறுப்பு.

கூடம் முழுவதும் பாய்கள். எல்லாப் பாயிலும் ஒரு பிள்ளை சுருண்டு கிடந்தது. நாற்றம் தாங்காமல் ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். வெளியிலிருந்து அதைவிட மோசமான வாடை வந்தது. திரும்ப மூடச் சொன்னேன். சுருக்கமாக ஜெபித்துவிட்டு வந்துவிட்டேன்.

எமிலி கல்யாணத்துக்கு முன் நர்ஸாக இருந்தவள். நான் சொன்னதைக் கேட்டதும் தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

"ஜெபம் பண்ணுனது போதும். வேன் பிடிச்சு ஆசுபத்திரிக்கு அனுப்புங்க. பிள்ளையளுக்குக் கண்ணெல்லாம் உள்ள போயிட்டு."

அனுப்பினோம்.

அக்டோபர் 22, புதன்

சுகிர்தா இறந்துவிட்டாள். எட்டாம் வகுப்பு. கிறிஸ்துமஸ் பாடல் ஒத்திகையில் முதல் வரிசையில் நின்று, எனக்குச் சுதி சேரவில்லை என்று வாயைப் பொத்திச் சிரித்தவள்.

ஆசுபத்திரி வார்டில் அவள் கட்டிலுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஏதோ நிறைந்திருந்தது. ஒரு பிள்ளையின் உடம்பிலிருந்து அவ்வளவு வெளியே வரும் என்று நான் அறிந்திருக்கவில்லை. அவள் அம்மா தங்கபுஷ்பம் உப்பளத்தில் வேலை செய்கிறவள். புருஷன் இல்லை. அந்த வாளியைத் தானே எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு, கழுவி, பழைய இடத்திலேயே கொண்டுவந்து வைத்தாள். அதற்குள் பிள்ளை போயிருந்தது.

அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய் திறந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

காலையில் இன்னொரு பிள்ளையும் போனாள். பெர்லின். அனாதை. அவளை அடக்கம் பண்ண யாரிடம் உத்தரவு கேட்பது என்று ஆசுபத்திரியில் கேட்டார்கள். நான்தான் கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் இருவரையும் அடக்கம் செய்தோம். குழிகளில் மழைத் தண்ணீர் நின்றது. வாளியால் இறைத்துவிட்டுத்தான் பெட்டியை இறக்க வேண்டியிருந்தது. சற்குணம் அண்ணாச்சி ஒவ்வொரு பெட்டியையும் தோள் கொடுத்துச் சுமந்தார். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. பொய்யழுகை இல்லை. மண் போட்டதும் தங்கபுஷ்பத்திடம் போய்ச் சொன்னார்:

"தோட்டக்காரரு நல்ல பூவாப் பாத்துத்தான பறிப்பாரும்மா."

வழக்கமாக எல்லோரும் சொல்கிற ஆறுதல்தான். நானே எத்தனையோ கல்லறையில் சொல்லியிருப்பேன். இன்று கேட்டதும் வாயில் புளித்த தண்ணீர் ஊறியது. வேலியோரம் போய்த் துப்பினேன்.

எமிலி வரவில்லை. பிள்ளைகளின் அடக்கத்துக்கு அவள் வருவதில்லை. காரணம் எழுத வேண்டியதில்லை.

அக்டோபர் 25, சனி

பேராயர் போன் செய்தார்.

"நேசன், சபை கலங்கிப் போயிருக்கும். ரெண்டாந்தேதி ஞாயித்துக்கெழம நானே வாரேன். நீங்கதான் பிரசங்கம். தேவன் ஏன் தீமைய அனுமதிக்கிறாருன்னு எடுத்துப் பேசுங்க. உங்க ஆய்வுக்கே அதுதான தலைப்பு?"

ஆம், அதுதான் தலைப்பு. இறையியல் கல்லூரியில் முதல் பரிசு வாங்கிய ஆய்வு.

"கல்லூரில சமயத் தத்துவம் எடுக்க ஒரு ஆள் தேடிட்டிருக்கோம். ஞாபகம் வச்சுக்கோங்க" என்றும் சொல்லி வைத்தார்.

பெட்டியிலிருந்து ஆய்வேட்டை எடுத்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன். முடிவுரையை எமிலிக்கு வாசித்துக் காட்டினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. நம்ம பிள்ளைக்கு வாங்குன தொட்டிலக் கடையில திருப்பிக் குடுத்த அன்னைக்கும் இதயேதான் சொன்னிய. அப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு."

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது. எழுந்து கோழிகளை அடைத்தேன்.

அக்டோபர் 27, திங்கள்

பிரசங்கத்துக்குக் குறிப்பெடுக்க உட்கார்ந்தேன். ஒவ்வொரு வாதமாக எடுத்து மேஜை மேல் வைத்துப் பார்த்தேன்.

தீமை என்று தனியாக ஒரு பொருள் கிடையாது, தேவன் அதைப் படைக்கவும் இல்லை, இருள் என்பது ஒளி இல்லாமை மாதிரி தீமை என்பது நன்மையின் இன்மை மட்டுமே. ஆதித் திருச்சபை முதல் சொல்லப்படும் பதில். இதைப் பற்றி நான் முப்பது பக்கம் எழுதியிருக்கிறேன். அந்த வாளியை நினைத்தேன். இன்மைக்கு இவ்வளவு நாற்றமா?

உலகம் ஆத்துமாக்கள் பழுக்கும் இடம், பாடுகளால்தான் மனுஷன் இரக்கமும் பொறுமையும் கற்றுக்கொள்கிறான் என்பது அடுத்தது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த வாதமாக இருந்தது. யார் கற்றுக்கொள்கிறார்கள்? பெர்லின் கற்றுக்கொள்ள நேரமில்லை. அப்படியானால் நான் கற்றுக்கொள்வதற்காக அவள் செத்தாளா? என் ஆத்துமாவைத் தீட்டிக் கூராக்க ஒரு அனாதைப் பிள்ளையின் குடல்தான் சாணைக்கல்லா? அப்படிப் பழுத்த ஆத்துமாவை வைத்துக்கொண்டு பரலோகத்தில் நான் எப்படி வெட்கமில்லாமல் உட்காருவேன்?

பிறகு சுயசித்தம். மனுஷனைப் பொம்மையாக அல்ல, தெரிந்தெடுக்கும் உரிமையோடு படைத்தார். அந்த உரிமையைப் பறிக்க மாட்டார். சரி. யாரோ எதையோ தெரிந்தெடுத்தார்கள். தண்ணீரைக் குடித்த பிள்ளைகள் எதைத் தெரிந்தெடுத்தார்கள்? தாகம் எடுத்தது, குடித்தார்கள்.

நம் சின்னப் புத்திக்கு எட்டாத ஒரு பெரிய நன்மை இதற்குள் இருக்கலாம் என்பது கடைசி. இருக்கலாம். இதை மட்டும் யாராலும் மறுக்க முடியாது. அதனாலேயே இதுதான் எல்லாவற்றிலும் அருவருப்பாக இருக்கிறது. எதை வேண்டுமானாலும் இதன் கீழே போட்டு மூடிவிடலாம்.

மூன்று மணிக்கு எமிலி காப்பி கொண்டுவந்தாள். பால் திரிந்திருந்ததோ என்னவோ, குடிக்க முடியவில்லை.

அக்டோபர் 28, செவ்வாய்

மழை. கொக்கி போட்டாயிற்று.

அக்டோபர் 29, புதன்

விடுதியில் மீதிப் பிள்ளைகளைப் பார்க்கப் போனேன். குணமாகி வந்தவர்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்ப ஏற்பாடு நடக்கிறது.

பின்பக்கம் குழாயில் கை கழுவினேன். பிளீச்சிங் பவுடர் நெடி கண்ணைக் கரித்தது. அந்த நெடிக்கு அடியில், முதல் நாள் ஜன்னல் வழியே வந்த அதே வாடை. கையை முகர்ந்து பார்த்தேன். கையிலும் இருந்தது.

கிணற்றைச் சுற்றி நடந்தேன். புதுக் கழிப்பறை வரிசை. அதற்கான செப்டிக் டேங்க், கிணற்றின் கைப்பிடிச் சுவரையொட்டி. டேங்கின் பக்கவாட்டில் ஈரம் காயாத சிமெண்டுப் பூச்சு. கொத்தனார் ஒருவர் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

வயலட் டீச்சர் பின்னால் வந்து நின்றார். பதினைந்து வருஷமாக வார்டன். கையைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"டீச்சர், இது எப்ப பூசுனது?"

"நேத்துலருந்து பூசுதாவய்யா. அதிகாரிய வருவாங்கன்னு அண்ணாச்சி ஆள் அனுப்புனாவ."

"இவ்வளவு பக்கத்துல ஏன் தோண்டுனாங்க?"

"அந்தப் பக்கம் எடம் கெடந்துச்சு. அங்க பள்ளிக்கூடப் பொன்விழாவுக்கு மேடை போடணும்னுட்டாவ. ஆகஸ்டுலயே நான் சொன்னேன்யா. தண்ணி வாட அடிக்கி, டேங்கு கசியுதுன்னு. பள்ளிக்கூடக் கமிட்டில எல்லாருக்கும் முன்னாலதான் சொன்னேன். பொன்விழா முடியட்டும், பாத்துக்கிடலாம்னாவ. அப்புறம் மழ வந்துட்டு."

"கொதிக்க வச்சுக் குடுக்கலையா?"

"வெறகு நனஞ்சு போச்சுய்யா. முடிஞ்ச அன்னைக்கெல்லாம் கொதிக்க வச்சேன். நானும் அதத்தான் குடிச்சேன். கர்த்தர் என்னை விட்டுட்டுப் பிள்ளையளக் கொண்டு போயிட்டாரு."

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நாங்கள் குடியிருக்கும் குருமனைக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

அக்டோபர் 30, வியாழன்

காலை உணவுக்கு முன்பே சற்குணம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். அவர் வேதம் வாசித்துக்கொண்டிருந்தார். எழுந்து நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை.

"அண்ணாச்சி, டேங்கு கசியுதுன்னு உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஐயா, நானும் மனுஷன்தான. கட்டடம் கட்டுததுல ஆயிரம் கொற வரும். கர்த்தர் நெனச்சிருந்தா ஒரு நொடியில தடுத்திருக்கலாமே. தடுக்கலைன்னா அவருக்கு ஏதோ ஒரு நோக்கம் இருக்குன்னுதான அர்த்தம்? தலமுடி ஒண்ணு கூட அவருக்குத் தெரியாம விழாது. நான் யாரு, அவரு சித்தத்துக்குக் குறுக்க நிக்க?"

சொல்லும்போது கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அவர் நடிக்கவில்லை. அதுதான் பயங்கரம். முழு மனதோடு நம்பினார். என் ஆய்வேட்டின் மூன்றாம் அதிகாரம் அப்படியே அவர் வாயிலிருந்து வந்தது, அடிக்குறிப்புகள் மட்டும் இல்லாமல்.

"ஞாயித்துக்கெழம இதத்தான ஐயா பேசப் போறிய? ஜனங்களுக்கு அது ரொம்ப ஆறுதலா இருக்கும். எனக்கும்."

பிறகு தரையில் முழங்காலிட்டு என்னையும் ஜெபிக்கக் கூப்பிட்டார். என் முழங்கால் மடங்கவில்லை. இடுப்பில் பிடிப்பு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வழியில் பனங்காட்டு ஓரம் நின்று வாந்தி எடுத்தேன். வயிற்றில் ஒன்றும் இல்லை, வெறும் பித்தம்.

நவம்பர் 1, சனி

பிரசங்கத்தை எழுதி முடித்துவிட்டேன். ஒழுங்காக வந்திருக்கிறது. தேவனும் நம்மோடு சேர்ந்து சிலுவையில் பாடுபடுகிறார் என்று முடிகிறது. மற்ற வாதங்களைவிட இதை என்னால் சொல்ல முடியும் என்று தோன்றுகிறது. தாளாளரைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. அதற்குத் தனியாகப் பேராயரிடம் பேசிக்கொள்ளலாம்.

பதினொரு மணிக்குத் தங்கபுஷ்பம் வந்தாள். உப்பளத்திலிருந்து நேராக வந்திருந்தாள். காலில் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது. எமிலி உள்ளே கூப்பிட்டும் வாசற்படியிலேயே நின்றாள்.

"ஐயா, டீச்சர் எங்கிட்ட எல்லாஞ் சொல்லிட்டாவ. போலீஸ் டேசன்ல போய் நின்னேன். கோயில் சமாச்சாரம், உங்க ஐயரக் கூட்டிட்டு வாங்கன்னுட்டாவ. ஒரு எட்டு எங்கூட வாரீயளா?"

"வாரேம்மா. நாளைக்கு ஆராதனை முடியட்டும்."

அவள் சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். எமிலி கதவருகில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அங்கியை இஸ்திரி போடப் போனேன்.

நவம்பர் 2, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

கோயில் நிரம்பி வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். பேராயர் பலிபீடத்தருகே சிம்மாசனத்தில். முன்வரிசையில் சற்குணம் அண்ணாச்சியும் கமிட்டியாரும், வெள்ளை வேட்டி சட்டை. கடைசித் தூணருகே தங்கபுஷ்பம். பெண்கள் பக்கம் எமிலி.

பீடத்தில் ஏறித் தாள்களை விரித்தேன். முதல் பத்தியை வாசித்தேன். "அன்பான தேவன் ஏன் தீமையை அனுமதிக்கிறார் என்பது யுகயுகமாக மனுக்குலம் கேட்டுவரும் கேள்வி." முன்வரிசையில் தலைகள் மெல்ல அசைந்தன. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நோயாளி மருந்து உள்ளே இறங்குவதற்குக் காத்திருப்பதைப் போல முகத்தை வைத்திருந்தார்.

இரண்டாம் பத்தி என் வாயில் நுழையவில்லை. எழுத்துகள் தெரிந்தன. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வாய்க்குள் எதையோ அழுகியதை வைத்திருப்பது போல இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. யாரோ இருமினார்கள். பேராயர் முன்னால் சாய்ந்தார்.

தாள்களை மடித்தேன்.

"தேவன் ஏன் அனுமதித்தார் என்று எனக்குத் தெரியாது" என்றேன். "அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதியிருக்கிறேன். தெரியாது. தெரிந்த மாதிரி இனி இந்தப் பீடத்தில் நின்று பேச மாட்டேன். ஆனால் கிணற்றுக்குப் பக்கத்தில் மலக்குழி தோண்ட அனுமதித்தது யார் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் நாறுகிறது என்று வார்டன் சொன்ன பிறகும் பொன்விழா முடியட்டும் என்று அனுமதித்தது யார் என்று தெரியும். அது நம்முடைய கமிட்டி. தாளாளர் தலைமையில் கூடிய கமிட்டி. சுகிர்தாவும் பெர்லினும் நம் கழிவைக் குடித்துச் செத்தார்கள். அதை நாம் தேவசித்தம் என்று சொன்னால், நாம் கழித்ததை அவர் மேல் பூசுகிறோம்."

இறங்கிவிட்டேன்.

பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், "ஐயருக்குப் புத்தி பேதலிச்சிட்டு." பேராயர் கையசைத்தார், ஆர்மோனியம் தொடங்கியது. முன்வரிசையில் பாதிப் பேர் எழுந்து வெளியே போனார்கள். அண்ணாச்சி போகவில்லை. உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருந்தார்.

இராப்போஜன அப்பத்தைப் பரிமாறப் பலிபீடத்தின் முன் நின்றேன். முழங்காலிடும் கிராதியருகே யாரும் வரவில்லை. பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. எமிலி எழுந்து வந்து முழங்காலிட்டாள். தொட்டில் போன நாளிலிருந்து அவள் என் கையால் அப்பம் வாங்கியதில்லை. நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் வயலட் டீச்சர் வந்தார். பிறகு சிலர்.

தங்கபுஷ்பம் வரவில்லை. ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்றிருந்தாள்.

"இப்பப் போலாமாய்யா?" என்று கேட்டாள்.

அங்கியைக் கழற்றி உபதேசியாரிடம் கொடுத்துவிட்டு நடந்தேன்.

நவம்பர் 3, திங்கள்

நேற்று ஸ்டேஷனில் சாயங்காலம் வரை உட்கார வைத்தார்கள். கடைசியில் புகாரை வாங்கிக்கொண்டார்கள். வயலட் டீச்சரும் வந்து கையெழுத்துப் போட்டார். கோட்டாட்சியர் நேரில் விசாரிப்பார் என்றார்கள்.

இன்று காலை குருமனைத் திண்ணையில் யாரோ சாணியைக் கரைத்து ஊற்றியிருந்தார்கள். நானும் எமிலியும் சேர்ந்து கழுவினோம். கழுவும்போது அவள் திடீரென்று சிரித்தாள். நானும்.

நவம்பர் 10, திங்கள்

பேராயரைப் பார்த்துவிட்டு வந்தேன். கோபப்படவில்லை. களைத்துப் போனவர் மாதிரி பேசினார்.

"நீங்க சொன்னது உண்மைதான் நேசன். அத அந்த எடத்துல சொல்லியிருக்க வேண்டாம். ஜனங்க விசுவாசத்தத் தேடி வாராங்க. நீங்க அவங்க கையில என்னத்தக் குடுத்தீங்க?"

"ஐயா, அவங்க கையில ஏற்கனவே இருந்ததத்தான் காட்டுனேன்."

மாற்றல் உத்தரவு. மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், சில சபைகள் சேர்ந்த ஒரு சின்ன சேகரம். கல்லூரி வேலையைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

காலை ஜெபம் என்று உட்கார்கிறேன். சொல்ல ஒன்றும் வருவதில்லை. வெறுமனே உட்கார்ந்துவிட்டு எழுந்து வருகிறேன். தேவன் இல்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை. இல்லையென்றால் இந்த அருவருப்பு யார்மேல்?

நவம்பர் 19, புதன்

விடுதிக்குச் சீல் வைத்துவிட்டார்கள். கிணற்றை மூட உத்தரவு. தாளாளர் மேல் வழக்குப் பதிவாகும் என்று கோட்டாட்சியர் கிளம்பும்போது சொன்னார். நாளை லாரி வருகிறது, நானும் எமிலியும் போகிறோம். பாத்திரங்களைக் கட்டியாயிற்று. அதற்குள் இன்று காலை நடந்ததை எழுதிவிட வேண்டும்.

விசாரணை விடுதி வராந்தாவில் நடந்தது. கோட்டாட்சியர் இளம்பெண், அதிகம் பேசாதவர். பக்கத்தில் குமாஸ்தா எழுதிக்கொண்டிருந்தார். கமிட்டியார் ஒவ்வொருவராக வந்து தங்களுக்கு எதுவும் ஞாபகமில்லை என்றார்கள். கூச்சமே இல்லாமல் சொன்னார்கள். ஒருவர் சொல்லிவிட்டு, வெளியே போய் வெற்றிலை போட்டார். வயலட் டீச்சர் தான் சொன்னதையெல்லாம் சொன்னார். அப்படி ஒரு பேச்சே வரவில்லை என்று கமிட்டிச் செயலர் மறுத்தார்.

கடைசியில் சற்குணம் அண்ணாச்சி. ஆள் மெலிந்திருந்தார். கேள்வி கேட்ட கோட்டாட்சியரைப் பார்த்துப் பதில் சொல்லவில்லை. தூணருகே உட்கார்ந்திருந்த தங்கபுஷ்பத்தைப் பார்த்துத்தான் பேசினார்.

"ஏம்மா, கர்த்தர் குடுத்தாரு, கர்த்தர் எடுத்துக்கிட்டாரு. அவரு சித்தத்துக்கு முன்னால நீயும் நானும் என்ன செய்ய முடியும்? நீயும் விசுவாசிதான?"

தங்கபுஷ்பம் எழுந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"கர்த்தர்கிட்ட கேக்க வேண்டியத நான் தனியாக் கேட்டுக்கிடுதேன் அண்ணாச்சி. டெய்லி கேக்கேன். அவரு எனக்குப் பதில் சொல்லியாகணும், விட மாட்டேன். அதுல நீங்க குறுக்க வராதிய. உங்ககிட்ட நான் கெணத்தப் பத்திக் கேக்கேன். தண்ணி கெட்டுப் போச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஒரு வசனமாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்கவும் இல்லை.

கமிட்டிச் செயலர் அவர் முழங்கையைத் தொட்டார். அண்ணாச்சி கையை விலக்கிக்கொண்டார். உதடு கோணியது. வயதானவர்கள் அழத் தொடங்கும்போது முகம் அசிங்கமாகத்தான் இருக்கிறது. பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியும்மா" என்றார். "டீச்சர் சொன்னா. நானே ஒரு நா மோந்து பாத்தேன். தெரியும்."

தங்கபுஷ்பம் குமாஸ்தா பக்கம் திரும்பினாள்.

"எழுதிக்கிட்டியளா சார்?"